வன யானையும் ஆக்சலாட்டலும்: இரண்டு இனங்களின் நிலையை ஒப்பிடுவது எப்படி?

ஒன்று டன் கணக்கில் எடையுள்ள ஆப்பிரிக்க வன யானை, இன்னொன்று ஒரு சாண் நீளமுள்ள, வளர்ந்த பிறகும் செவுளை உதிர்க்காத மெக்சிகோ சாலமாண்டரான (பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்வி) ஆக்சலாட்டல். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிட்டு வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான், மிக அருகிய இனம். சரி, இரண்டும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன என்று எழுதிவிடலாமா? கூடாது.

முதலில் எந்த இனம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2021 வரை வன யானையையும் புல்வெளி யானையையும் ஒரே இனமாகத்தான் மதிப்பிட்டார்கள், அதனால் பழைய கட்டுரைகளில் "அழிவாய்ப்பு இனம்" என்றே, அதாவது இதைவிடக் குறைந்த அபாய நிலையில், இருக்கும். மதிப்பீடு எந்த ஆண்டினது என்று பார்க்காமல் எதையும் எடுத்து எழுத வேண்டாம்.

அப்புறம் முத்திரைக்குக் கீழே உள்ள காரணத்தைப் படியுங்கள், பெரும்பாலானோர் தாண்டிப்போவது இதைத்தான். வன யானை இன்னும் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் தந்த வேட்டையாலும் காடழிப்பாலும் 31 ஆண்டுகளில் 86 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது, அந்த வேகம்தான் அதை அங்கே கொண்டுபோனது. ஆக்சலாட்டலின் கதை வேறு. மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் அதற்கு மிஞ்சிய இடம். அங்கே 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தது, 2014-இல் 36 ஆனது. தலையை எண்ணி ஒப்பிட்டால் யானை பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றும். ஆனால் யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும், அடுத்த கன்றுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். வேட்டை இன்றே நின்றாலும் இழந்ததை மீட்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆக்சலாட்டலோ ஒரு வயதிலேயே முட்டையிடத் தொடங்கும், ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில். அப்படியும் ஏன் பெருகவில்லை? உணவுக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன, தண்ணீரும் கெட்டுப்போயிருக்கிறது. ஆக, இனப்பெருக்க வேகத்தை அச்சுறுத்தலோடு சேர்த்தே பாருங்கள்.

"ஆய்வகங்களிலும் மீன்தொட்டிகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே" என்று யாராவது கேட்பார்கள். பட்டியல் பார்ப்பது இயற்கையில் வாழ்பவற்றை. போதாக்குறைக்கு, ஆய்வக ஆக்சலாட்டல்களில் புலிச் சாலமாண்டர் என்ற வேறோர் இனத்தின் மரபணுவும் கலந்திருக்கிறது, கொண்டுபோய் அப்படியே கால்வாயில் விட்டுவிட முடியாது.

அட்டவணை போடுவதாக இருந்தால் மதிப்பீட்டு ஆண்டு, காரணம், வாழிடப் பரப்பு, இனப்பெருக்கம், அச்சுறுத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி ஒதுக்குங்கள். "எது அதிக ஆபத்தில்" என்று மட்டும் ஒரு பத்தி வேண்டாம், இந்த இரண்டுக்கும் அதில் எதை எழுதினாலும் பாதிப் பொய்தான்.