கசக்காமல், குழையாமல் ஒரு கினோவா காலை உணவு

கினோவாவை ஒருமுறை சமைத்துப் பார்த்து, கசக்கிறது என்று டப்பாவை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டீர்களா? அநேகமாகச் சரியாகக் கழுவாததுதான் காரணம். இந்த விதையின் மேல் சபோனின் என்ற கசப்புப் பொருள் இயற்கையாகவே படிந்திருக்கிறது, பறவைகளும் பூச்சிகளும் தின்றுவிடாமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது, தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் சோப்பு போல நுரைக்கும். நுரை நிற்கும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். வடிகட்டியின் கண் மிகச் சிறியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதி விதை ஓடிவிடும். பாக்கெட்டில் 'கழுவியது' என்று போட்டிருந்தாலும் நான் ஒரு தடவை அலசாமல் விடமாட்டேன்.

அடுத்தது தண்ணீர். ஒன்றுக்கு இரண்டு என்பார்கள், அந்த அளவில் எனக்குக் கஞ்சிப் பதமாகத்தான் வருகிறது. ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் போதும். இரண்டு பேருக்கு அரை கப் கினோவா, முக்கால் கப் தண்ணீர், அதோடு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்.

கழுவி வடித்ததை வெறும் பாத்திரத்தில் ஈரம் போய் வாசனை வரும்வரை மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். அப்புறம் தண்ணீரும் உப்பும் சேர்த்து, கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி 15 நிமிடம் விடுங்கள். நடுவில் கிளற வேண்டாம். ஒவ்வொரு விதையிலிருந்தும் வெள்ளையாகச் சின்ன வால் மாதிரி ஒரு சுருள் பிரிந்து நின்றால் வெந்துவிட்டது என்று அர்த்தம், அது விதையின் முளைக்கரு. அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் வைத்துவிட்டு முள்கரண்டியால் உதிர்த்துவிடுங்கள். சிவப்பு, கறுப்பு வகைகளுக்கு இன்னும் சில நிமிடம் பிடிக்கும், வெந்த பிறகும் கொஞ்சம் நறுக்கென்றுதான் இருக்கும்.

இதையெல்லாம் முந்தைய இரவே முடித்துவிடுவது நல்லது. ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், தவிர குளிர்ந்த கினோவா வாணலியில் ஒட்டாமல் உதிரி உதிரியாக வரும்.

காலையில் பத்து நிமிட வேலைதான். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம் பொரிந்ததும் வெங்காயம், பூண்டு, பொடியாக நறுக்கிய கேரட், குடைமிளகாய் போட்டுப் பெரிய தீயில் வதக்குங்கள். தக்காளியோ காளானோ சேர்ப்பதானால் அதன் தண்ணீர் முழுக்க வற்றட்டும், இங்கே அவசரப்பட்டால் இரவு பார்த்துப் பார்த்து உதிர்த்ததெல்லாம் வீண். கினோவாவைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டி, ஒரு கைப்பிடி கீரை போட்டு, அது வாடியதும் இறக்கி மிளகுத்தூள் தூவுங்கள். எலுமிச்சைச் சாறு கட்டாயம், ஆனால் இறக்கிய பிறகுதான். கீரையிலும் கினோவாவிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அதிலிருக்கும் வைட்டமின் சி உதவும்.

புரதம் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு தானாக உருவாக்கிக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் கினோவாவில் உண்டு, அது உண்மைதான், ஆனால் அளவு ஏராளம் இல்லை. அரை கப்பை வேகவைத்தால் ஒன்றரை கப் ஆகும், அதில் பாதி, அதாவது ஒருவர் பங்கில், சுமார் 6 கிராம் புரதம். அதனால் மேலே ஒரு முட்டையை அரைவேக்காடாகப் பொரித்து வையுங்கள், இன்னொரு 6 கிராம் சேரும். முட்டை வேண்டாதவர்கள் வேகவைத்த கொண்டைக்கடலையைக் காய்கறியோடு சேர்த்தே வதக்கிவிடலாம்.