மதில் தாண்டிய கிளை: மழைக்கு முன் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

சென்னையில் தெருவுக்குள் நீளும் கிளை யார் பொறுப்பு என்பதை அடிமரம் நிற்கும் இடத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது உங்கள் மதிலுக்குள் இருந்தால், கிளை எவ்வளவு தூரம் போனாலும் உங்கள் பொறுப்பு. நடைபாதையில் நிற்கும் மரம் மாநகராட்சியுடையது. கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியவர் நீங்களே ஆனாலும் அதில் அரிவாள் வைக்கக் கூடாது. 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

விழுந்து ஆளைக் காயப்படுத்தும் நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் (கோட்டாட்சியர் போன்ற அதிகாரி) உரிமையாளருக்கு உத்தரவிடலாம். இந்த அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. விஷயம் அதுவரை போகவே விடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டிலேயே எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மரத்தைப் பாருங்கள். பட்ட கிளை, ஒடிந்து தொங்குவது, கவட்டையில் விரிசல், அடிமரத்தில் காளான், வேர்ப்பக்கம் மண் எழும்பியிருப்பது ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முருங்கையும் செம்மயிற்கொன்றையும் எளிதில் முறியும். அவற்றை முதலில் கவனியுங்கள். தெருப்பக்கம் சாய்ந்த தென்னையில் காய்ந்த மட்டையையும் நெற்றையும் விட்டுவைக்காதீர்கள். உயரத்திலிருந்து விழும் ஒரே காய் ஆளைக் கொல்லும்.

ஒரு மூங்கிலில் அளவு குறித்துக்கொண்டு பாருங்கள். நடைபாதைக்கு மேல் 8 அடி, வண்டி போகும் பாதைக்கு மேல் 18 அடி இடைவெளி இருந்தால் நல்லது. மழையில் நனைந்த கிளை தாழும், அதனால் ஓர் அடி கூடுதலாகவே விடுங்கள். தெருவிளக்கை மறைக்கும் கிளையையும் சேர்த்துக் கழியுங்கள்.

கிளைக்கு அருகே மின்கம்பி போனால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரக் கிளை வழியாக மின்சாரம் பாயும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்கினால், பாதி அறுபட்டதும் அது தன் எடையில் முறிந்து அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு வரும். மூன்று வெட்டாக வெட்டச் சொல்லுங்கள். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிஞ்சிய முண்டைக் கடைசியாக, கிளையின் அடியில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். மரம் காயத்தை மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். அதையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால் உள்ளே அழுகல் இறங்கும். தாரும் பெயின்டும் பூச வேண்டாம்.

மரம் ஏறுபவர் “மொட்டையா அடிச்சிடலாம், ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல” என்பார். சம்மதிக்காதீர்கள். மொட்டையடித்த மரத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. அவை கனத்ததும் காற்றில் பிய்ந்து விழும். தெருப்பக்கம் மட்டும் கழித்தால் வீட்டுப்பக்கம் பாரம் ஏறும், அதனால் அங்கேயும் கொஞ்சம் குறையுங்கள். ஓராண்டில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. முழு மரத்தையே எடுக்க வேண்டியிருந்தால், முதலில் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

வெட்டும் நேரத்தில் தெருவின் இரு முனையிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்துங்கள். கிளைகளை மழைநீர் வடிகால் மேல் போடாமல் மதிலுக்குள் அடுக்கி வைத்து, தோட்டக் கழிவு எடுக்க மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசியிருந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்காவது உடைத்து மண்ணைத் திறந்துவிட இதுவே நல்ல நேரம்.