சிஸ்கோ ஏஎஸ்ஏ-யிலிருந்து ஃபோர்ட்டிகேட்டுக்கு மாறுவது எப்படி?

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு அலுவலகத்துக்குப் பழைய சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505 ஃபயர்வோலை (அலுவலக வலைக்கும் இணையத்துக்கும் இடையே நின்று, எது போகலாம் என்று தீர்மானிக்கும் பெட்டி) கழற்றி, ஃபோர்ட்டிநெட்டின் ஃபயர்வோலான ஃபோர்ட்டிகேட்டைப் பூட்டிக் கொடுத்தேன். 5505-க்கு சிஸ்கோவின் ஆதரவு 2022 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது, இனித் திருத்தங்கள் வராது. உங்களிடமும் அது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சப்நெட், கன்சோல் கேபிள் எல்லாம் தெரிந்தவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. பழையதைப் பிரதி எடுங்கள்

ஏஎஸ்ஏ-யின் அமைப்பைக் காட்டும் 'ஷோ ரன்னிங்-கொன்ஃபிக்' கட்டளையைப் போட்டால், விபிஎன் (கிளைகளை இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் வழி) சாவி வெறும் நட்சத்திரக் குறிகளாகத்தான் வரும். 'மோர் சிஸ்டம்:ரன்னிங்-கொன்ஃபிக்' என்று போட்டால்தான் சாவி தெரியும். அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம்.

2. தேவையில்லாத விதிகளைக் கழியுங்கள்

'ஷோ அக்சஸ்-லிஸ்ட்' என்ற கட்டளை, அக்சஸ்-லிஸ்டில் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) உள்ள ஒவ்வொரு விதியும் எத்தனை தடவை பயன்பட்டது என்று காட்டும். பூச்சியம் என்று கண்டதும் அழித்துவிடாதீர்கள். பெட்டி மறுபடி தொடங்கினால் அந்த எண்ணிக்கையும் முதலிலிருந்தே தொடங்கும். நேற்று மின்வெட்டு வந்திருந்தால் எல்லாமே பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். 'ஷோ வேர்ஷன்' போட்டு, பெட்டி எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

3. விதிகளைக் கையால் எழுதுங்கள்

ஃபோர்ட்டிநெட்டின் மாற்றும் கருவி ஃபோர்ட்டிகொன்வேர்ட்டர் இருக்கிறது. நூற்றுக்கணக்கான விதிகள் இருந்தால் அதை வாங்குங்கள். சின்ன அலுவலகத்துக்குக் கையால் எழுதுவதே நல்லது என்பேன். பழைய குப்பையும் சேர்ந்து வந்துவிடாது, ஒவ்வொரு விதியும் யாருக்காக என்று உங்களுக்கே விளங்கும்.

இந்தப் படியில் நிதானம் வேண்டும். பழைய கொன்ஃபிக்கில் எழுதப்படாத விதிகளும் உண்டு. ஏஎஸ்ஏ-யில் உள்பக்கத்துக்குப் பாதுகாப்பு மட்டம் 100, வெளிப்பக்கத்துக்கு 0. உள்பக்கத்தில் அக்சஸ்-லிஸ்ட் எதுவும் பூட்டப்படாவிட்டால், மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்குப் போகும் இணைப்பு தானாகவே அனுமதிக்கப்படும். ஃபோர்ட்டிகேட்டில் அப்படி இல்லை. பொலிசி (ஃபோர்ட்டிகேட்டில் விதிக்குப் பெயர்) எழுதாத எதுவும் போகாது. ஆகவே ஊழியர்கள் இணையத்துக்குப் போவதற்கு, ஊழியர் வலையிலிருந்து சேர்வர் வலைக்கு என்று ஒவ்வொன்றையும் நீங்களே எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, கொண்டுவரவே கூடாத வரிகளும் உண்டு. கொழும்புக் கிளைக்குப் போகும் விபிஎன் போக்குவரத்தை நாட் (முகவரி மாற்றம்) செய்யாதே என்று ஏஎஸ்ஏ-யில் தனி வரி இருக்கும். ஃபோர்ட்டிகேட்டில் அதற்கு அந்தப் பொலிசியில் நாட் பொத்தானை அணைத்தால் போதும். ஆனால் திரையில் புதுப் பொலிசி தொடங்கும்போது அந்தப் பொத்தான் பெரும்பாலும் போட்டபடியே வரும். அதை அப்படியே விட்டால் பக்கெட்டின் (தரவுத் துண்டின்) மூல முகவரி மாறி, இரு பக்கமும் ஒப்புக்கொண்ட சப்நெட்டுக்கு வெளியே போய்விடும். விபிஎன் பச்சையாகத்தான் நிற்கும், கொழும்புச் சேர்வர் மட்டும் திறக்காது. சாவி பிழையோ, என்கிரிப்ஷன் பிழையோ என்று தேடத் தொடங்குவதற்கு முன் இந்தப் பொத்தானைப் பாருங்கள். கொழும்புச் சப்நெட்டுக்கு விபிஎன் வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட்டும் (கையால் எழுதும் பாதை) போட வேண்டும்.

வெளியிலிருந்து வருபவர்களுக்குத் திறந்த சேர்வருக்கு, ஏஎஸ்ஏ 8.3-க்குப் பிந்திய பதிப்புகளில் விதியில் உள் முகவரி இருக்கும். ஃபோர்ட்டிகேட்டில் முதலில் விஐபி (பொது முகவரிக்கு வருவதை உள் முகவரிக்குத் திருப்பும் அமைப்பு) ஒன்றை உருவாக்கி, அதையே பொலிசியின் இலக்காகக் கொடுங்கள்.

4. மாற்றும் நாள்

போயா விடுமுறையைத் தெரிவுசெய்யுங்கள். கொழும்பு அலுவலகமும் அன்று பூட்டியிருக்கும். ஆனால் அங்கே உதவிக்கு ஒருவரைப் போனில் வைத்திருங்கள். புதுப் பெட்டிக்குப் பழைய உள் முகவரியையே கொடுத்தால் கமராக்களிலும் பிரிண்டர்களிலும் கை வைக்கத் தேவையில்லை.

கேபிளை மாற்றிய பிறகு இணையம் வேலை செய்து, வெளியிலிருந்து சேர்வருக்கு மட்டும் வர முடியாவிட்டால், இணைய நிறுவனத்தின் ரவுட்டர் சேர்வரின் பொது முகவரிக்குப் பழைய பெட்டியின் மாக் முகவரியையே (வன்பொருள் முகவரி) இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும். சிஸ்கோ ரவுட்டர்களில் அந்த நினைவு வழக்கமாக 4 மணி நேரம் நிற்கும். அவர்களின் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அல்லது ஏஆர்பி-யை (அந்த நினைவுப் பட்டியலை) அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். விஐபி-யிலேயே கிரட்டூயிட்டஸ் ஏஆர்பி (கேட்காமலே தன் முகவரியை அறிவிப்பது) இடைவெளியைப் போட்டும் இதைத் தீர்க்கலாம்.

பழைய ஏஎஸ்ஏ-யை உடனே விற்றுவிடாதீர்கள். மாத முடிவுக் கணக்கு வேலை ஒன்று முடியும் வரையாவது ராக்கிலேயே இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் அப்போதுதான் வெளியே வரும்.

பின்சேர்க்கை: ஐபி தொலைபேசியில் மணி அடிக்கிறது, ஆனால் ஒரு பக்கக் குரல்தான் கேட்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஃபோர்ட்டிகேட்டின் சிப் ஏஎல்ஜி-யை (தொலைபேசி அழைப்புப் பக்கெட்டுகளுக்குள் இருக்கும் முகவரிகளை மாற்றும் பகுதி) சந்தேகியுங்கள். விஓஐபி (இணையவழிக் குரல்) முறையை 'கேர்னல்-ஹெல்ப்பர்-பேஸ்ட்' என்று மாற்றி, செஷன்-ஹெல்ப்பர் பட்டியலில் சிப் உள்ள வரியை அழித்து, பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள்.