சுருக்கிய கோப்பு ரேண்டம் ஆகிவிடாது: 7.99-ஐப் பார்த்து எடுக்கும் தவறான முடிவுகள்

ஒரு கோப்பை ஜிப் செய்து (அதாவது சுருக்கி), என்ட்ரோபி, அதாவது தரவை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்று அளக்கும் கருவியில் கொடுத்தால் பைட்டுக்கு 7.99 பிட் என்று காட்டும். உச்சவரம்பு 8. உடனே ‘இது ரேண்டம் (எந்த ஒழுங்கும் இல்லாத, ஊகிக்க முடியாத) தரவுதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த ஒரே எண்ணை நம்பிச் சிலர் ஜிப் கோப்பிலிருந்து ரகசியச் சாவி உருவாக்குகிறார்கள். வேறு சிலர், கோப்பு என்கிரிப்ட் ஆகிவிட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிட்டது என்று எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். இரண்டும் தப்பு, முதலாவது ஆபத்தும்கூட.

அந்த 7.99 சொல்வது மிகக் கொஞ்சம். 0 முதல் 255 வரையுள்ள பைட்கள் ஏறக்குறைய சம அளவில் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். எந்த வரிசையில் வந்தன என்பதை அது பார்ப்பதே இல்லை. 0, 1, 2 என்று 255 வரை எழுதி, அதையே ஆயிரம் தடவை திருப்பித் திருப்பி எழுதிய கோப்புக்கு மிகச்சரியாக 8 கிடைக்கும். அடுத்த பைட் என்னவென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எதிர்ப்பக்கமும் சறுக்குகிறார்கள். உண்மையிலேயே ரேண்டமான 1,024 பைட்டை அளந்தால் 7.8 வாக்கில்தான் வரும். 256 விதமான பைட்களுக்கு ஆளுக்குச் சராசரி நான்கு இடம். ஒரு பைட் இரண்டே தடவை வரும், இன்னொன்று ஏழு தடவை வரும். இந்த ஏற்றத்தாழ்வு இயல்பு. 10,000 பைட் எடுத்தால் 7.98-க்கு ஏறிவிடும். ஆகவே கோப்பின் அளவைச் சொல்லாமல் என்ட்ரோபியை மட்டும் சொன்னால் அந்த எண்ணால் பயனில்லை.

சரி, வேறு எதைப் பார்ப்பது? முதலில் கை-வர்க்கச் சோதனை. ஒவ்வொரு பைட்டும் எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு விலகி வந்தது என்பதை ஒரே எண்ணாக்கித் தரும். அதே பைட் எண்ணிக்கையைத்தான் இதுவும் பார்க்கிறது, ஆனால் தரவு கூடக்கூட இதன் பார்வை கூர்மையாகும். ஒரு கோப்பில் பைட்களின் நிகழ்தகவு சமநிலையிலிருந்து 1% அளவுக்கு விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ட்ரோபி 7.9999 என்றே காட்டும். ரேண்டம் தரவுக்குக் கை-வர்க்க மதிப்பு சராசரியாக 255, அதன் திட்டவிலக்கம், அதாவது இயல்பான ஏற்ற இறக்கத்தின் அளவு, 22.6. நம் கோப்பில் 10,000 பைட் மட்டும் எடுத்தால் மதிப்பு வெறும் 1 கூடும். யார் கண்ணிலும் படாது. ஒரு கோடி பைட் எடுத்தால் 1,255-ஐத் தொடும். திட்டவிலக்கத்தைப் போல் 44 மடங்கு தள்ளி நிற்கும் எண்ணைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அதேபோல் மதிப்பு 255-க்கு மிகவும் கீழே போனாலும் சந்தேகப்பட வேண்டும். மேலே சொன்ன 0–255 கோப்புக்குக் கிடைப்பது பூஜ்யம்!

இழப்பில்லாமல் சுருக்கிய தரவில் இந்த விலகல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே போய்விடும். 1952-இல் ஹஃப்மன் தந்த குறிமுறையைத்தான் ஜிப், ஜீஜிப் (இன்னொரு சுருக்கும் நிரல்) இரண்டும் இன்றுவரை பயன்படுத்துகின்றன. அது ஒவ்வொரு எழுத்துக்கும் முழு பிட்களாகவே கொடுக்கும். ஒன்றரை பிட் கொடுக்க அதற்கு வழி கிடையாது. க, ச, ட என்று மூன்றே எழுத்துகள், மூன்றும் சம அளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறிகள் முறையே 0, 10, 11. மூன்றும் ஒவ்வொரு தடவை வந்தால் மொத்தம் 5 பிட். அதில் 1 மூன்று தடவை, 0 இரண்டு தடவை. அதாவது மூலத்தரவு எவ்வளவு ஒழுங்கற்று இருந்தாலும், சுருக்கியதில் 60% ஒன்றுகள்தான். நிஜக் கோப்புகளில் எழுத்துகள் நிறைய என்பதால் விலகல் இவ்வளவு பெரிதாக இராது, ஆனாலும் எச்சம் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம் கோப்பின் எலும்புக்கூடு. ஜீஜிப் கோப்பு எதுவானாலும் முதல் மூன்று பைட் 31, 139, 8. கடைசி எட்டு பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் மூலக்கோப்பின் அளவும் இருக்கும். சின்னச் சின்ன ஜீஜிப் கோப்புகள் பலவற்றை ஒட்டிச் சோதனைக்கு அனுப்புபவர்கள், உண்மையில் இந்தத் தலைப்பகுதிகளைத்தான் சோதிக்கிறார்கள்.

பிஜிப்2 என்ற சுருக்கும் நிரல் இன்னும் சுவாரசியம். அதன் ஒவ்வொரு தொகுதியும் ஹெக்ஸில் (16 அடிப்படை எண்முறையில்) 31 41 59 26 53 59 என்று தொடங்கும். ஆம், பையின் இலக்கங்களேதான். கோப்பின் முடிவில் 17 72 45 38 50 90 வரும். அது பையின் வர்க்கமூலம். தொகுதிக்கு அதிகபட்சம் 9,00,000 பைட் என்பதால், 90 எம்பி கோப்பைச் சுருக்கினால் அந்த 48 பிட் தொடக்கக் குறி வழக்கமாகச் சுமார் நூறு தடவை தலைகாட்டும். ரேண்டம் தரவில் ஓர் இடத்தில் அது தானாக வர வாய்ப்பு 281 லட்சம் கோடியில் ஒன்று. ஆனால் முதல் தொகுதிக்குப் பிறகு இந்தக் குறி பைட் எல்லையில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை, எந்த பிட்டிலும் தொடங்கலாம். பைட்களை மட்டும் எண்ணும் கருவிக்கு இது தெரியவே தெரியாது. பிட் பிட்டாக நகர்ந்து தேட வேண்டும்.

‘ஒருமுறை சுருக்கியதை மறுபடி சுருக்க முடியாது, அதனால் அது ரேண்டம்’ என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். வெறும் பூஜ்யங்களால் ஆன 10 எம்பி கோப்பை ஜீஜிப் செய்து பாருங்கள். சுமார் 10 கேபி வரும். அதை மறுபடி ஜீஜிப் செய்தால் நூறு பைட் அளவுக்கு இறங்கிவிடும். காரணம், ஒரு தடவையில் 258 பைட்டுக்கு மேல் ‘முன்பு வந்ததே’ என்று சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே ஒரே சுட்டு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது.

சுருங்க மறுப்பதும் சான்றாகாது. மெர்சென் ட்விஸ்டர் என்ற போலி ரேண்டம் எண் நிரல் தரும் எண்களை ஜிப் ஒரு பைட்கூடக் குறைக்காது. ஆனால் அதன் 32 பிட் எண்களில் தொடர்ந்து 624 கிடைத்துவிட்டால், அதாவது 2,496 பைட், இனி வரப்போகும் ஒவ்வொரு எண்ணையும் கணக்கிட்டுவிடலாம்.

ரேன்சம்வேர் (கோப்புகளை என்கிரிப்ட் செய்து பணம் பறிக்கும் நிரல்) கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்ட்ரோபி வரம்பை மட்டும் வைத்து விதி எழுதாதீர்கள். வேர்டு கோப்பே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். பிஎன்ஜி படமும் அதே வகைச் சுருக்கம்தான். தொடக்க பைட்களைப் பாருங்கள், கோப்பு விரித்தால் விரிகிறதா பாருங்கள், போதுமான நீளம் எடுத்துக் கை-வர்க்கம் பாருங்கள். ஒழுங்காக என்கிரிப்ட் செய்த தரவு எவ்வளவு நீண்டாலும் 255-ஐச் சுற்றியே நிற்கும்.

சாவிக்கு வருகிறேன். சுருக்கம் புதிதாக எந்த என்ட்ரோபியையும் சேர்ப்பதில்லை. ஆயிரம் கோப்புகளில் ஒன்றைத்தான் ஜிப் செய்து சாவியாக்கினீர்கள் என்று எதிரிக்குத் தெரிந்தால், அவன் ஆயிரம் தடவை முயன்றால் போதும். ஜிப் எத்தனை எம்பி என்பது பொருட்டே அல்ல. சென்சார் இரைச்சலை (அதன் அளவீடுகளில் வரும் ஊகிக்க முடியாத ஏற்ற இறக்கத்தை) ஜிப் செய்து ‘சுத்தப்படுத்தி’ச் சாவியாக்கும் பழக்கமும் இதே வகைத் தவறு. இரைச்சலை அப்படியே எடுங்கள். மிகவும் எளிதில் ஊகிக்கக்கூடிய மதிப்பை வைத்து அதன் குறைந்தபட்ச என்ட்ரோபியைக் கணக்கிடுங்கள். 256 பிட் வேண்டுமானால் அதைவிடத் தாராளமாகவே சேர்த்து, எந்தத் தரவையும் கலக்கி 256 பிட்டாகத் தரும் எஸ்எச்ஏ-256 வழியாக அனுப்புங்கள். வேண்டியது சாவி மட்டும்தான் என்றால் இவ்வளவு வேலைகூட வேண்டாம். லினக்ஸில் கெட்ரேண்டம் என்ற கணினி அமைப்பின் அழைப்பு 32 ரேண்டம் பைட்டைக் (256 பிட்) கையில் கொடுத்துவிடும்.