சிக்னலில் விழாத நியூட்ரல்

என் 125 சிசி பைக்கில் கியர் மாற்றுவது நாளுக்கு நாள் கடினமானது. இன்ஜின் சூடானால் சிக்னலில் நியூட்ரல் விழவே விழாது. கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும் என்றார் மெக்கானிக். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் இன்ஜினை அணைத்தால் அதே நியூட்ரல் சுலபமாக விழுந்தது. கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போட்டாலும் வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்த்தது. அதாவது கிளட்ச் பிளேட்டுகள் முழுதாகப் பிரியவில்லை. பழி மட்டும் பாவம் கியர்பாக்ஸ் மேல்.

கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை ஆட்டம், அதாவது கேபிள் இழுபடும் முன் சும்மா நகரும் தூரம், இருந்தால் போதும். என் லீவர் பாதி தூரம் சும்மாவே வந்தது. மேலே உள்ள அட்ஜஸ்டரில் திருக இடமில்லை. ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தால் கேபிள் நுனியில் இழைகள் பிய்ந்திருந்தன. புது கேபிள் போட்டு, இன்ஜின் பக்கத்து நட்டில் ஆட்டத்தைச் சரிசெய்ததும் கியர் இலகுவாகிவிட்டது. ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடக் கூடாது, கிளட்ச் வழுக்கித் தேயும்.

அப்புறம் கறுத்துப்போன ஆயிலையும் மாற்றினேன். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். முதல் கியர் விழும்போது வரும் ‘டொக்’ சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. சரி, அது இந்த மாதிரி வண்டிகளில் வழக்கம்தான்.