பாடல் பதிவிறக்கம் பற்றிக் கடிதம் வந்தால் மாணவர் செய்ய வேண்டியவை

விடுதி வைஃபையில் டோரண்ட் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை) வழியாகப் பாடல்களை இறக்கியதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததும், மாணவர்கள் பலர் பயத்தில் இரண்டு காரியங்களைச் செய்துவிடுகிறார்கள்: நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள், கைப்பேசியைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். அனுமதியின்றிப் பாடலை இறக்கினோமா என்பது ஒரு கேள்வி. அதை விசாரிப்பவர்கள் நம் சொந்த விவரங்களை எவ்வளவு தூரம் துருவலாம் என்பது வேறு கேள்வி. முதற்கேள்விக்கான விடை நமக்குப் பாதகமாக இருந்தாலும் இரண்டாவதில் நமக்குள்ள உரிமை பறிபோய்விடாது.

முதலில் கடிதத்தை நிதானமாக வாசியுங்கள். டோரண்டில் ஒரு பாடலை இறக்கும்போதே அதன் துண்டுகள் பிறருக்கும் போய்ச் சேருவதால், அங்கே இணைந்து கண்காணிக்கும் பாடல் உரிமையாளர் தரப்புக்கு ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரிந்துவிடுகிறது. ஆளின் பெயர் தெரிவதில்லை. பெயரைச் சேர்ப்பது கல்லூரியின் கணினிப் பிரிவுதான், பிழை நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான். இத்தகைய அறிவிப்புகளில் நேரம் பல வேளைகளில் யுடிசி என்னும் உலகப் பொது நேரக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. அறிவிப்பில் 12ஆம் தேதி மாலை 6.30 என்றிருந்தால் பினாங்கில் அது 13ஆம் தேதி அதிகாலை 2.30. இதைக் கவனிக்காமல் கல்லூரியின் இணையப் பயன்பாட்டுப் பதிவேட்டைப் புரட்டினால், அந்த மாலை வேளையில் அதே முகவரியைப் பயன்படுத்திய வேறொரு மாணவரின் பெயர்தான் அகப்படும். மேலும், விடுதிக் கட்டடம் முழுவதும் ஒரே பொது ஐபி முகவரியின் வழியே இணையத்துக்குச் செல்வது வழக்கம் என்பதால், போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் உள்ள இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) கல்லூரி வலையமைப்பின் உள்ளகப் பதிவும் இல்லாமல் ஒருவரை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. பினாங்கின் சுங்கை டுவாவில் நான்கு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் இருந்தால், இணையக் கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரே இறக்கினார் என்று அக்கணக்கு மட்டும் நிரூபித்துவிடாது.

ஆகவே பதில் எழுதுமுன் எழுத்து வடிவில் கேளுங்கள்: "எந்த ஐபி முகவரி, எந்த நேரம், எந்த நேரக்கணக்கு, என் பெயர் எந்தப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது, என் விவரங்கள் வெளியார் யாருக்காவது தரப்பட்டனவா என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதில் எதிர்ப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. டோரண்ட் மென்பொருளை உடனே நிறுத்துங்கள். ஆனால் கடிதம் வந்த பிறகு மடிக்கணினியை முழுவதுமாக அழித்துத் துடைக்காதீர்கள், அது ஆதாரத்தை மறைத்த செயலாகவே பார்க்கப்படும்.

தனியார் கல்லூரி என்றால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவுகளைக் காட்டும்படி எழுதிக் கேட்டால், கல்லூரி பொதுவாக 21 நாட்களுக்குள் அதற்கு இணங்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்காகப் பெற்றோர் கேட்கலாம். குற்றத்தை விசாரிப்பதற்காகவோ நீதிமன்ற ஆணையின்படியோ தரவை வெளியிட இச்சட்டம் இடமளிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வருத்தத்திற்குரியது என்னவென்றால், கூட்டரசு, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்கும் அரசாங்கப் பள்ளிகளில் இதைக் காட்டி வாதாட இயலாது. பொதுப் பல்கலைக்கழக மாணவர்கள் 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட கட்டொழுங்கு விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை, தடையை மீறிக் கொண்டுவந்த கைப்பேசியைக் கட்டொழுங்கு ஆசிரியர் பறிமுதல் செய்தால் அதைத் தடுக்க நினைக்காதீர்கள். ஆனால் கைப்பேசியை எடுத்து வைப்பது வேறு, அதைத் திறந்து குடும்பப் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பார்ப்பது வேறு. சோதனையின்போது கடவுச்சொல் உட்படக் கணினித் தரவுக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு, காவல்துறை அதிகாரியைப் பற்றியே பேசுகிறது. ஆசிரியரைப் பற்றி அன்று. "சார், அப்பா வந்ததும் அவர் முன்னிலையில் பேசலாமா?" என்று பிள்ளை மரியாதையாகக் கேட்டால் போதும். தனிமனிதச் சுதந்திரத்தில் தனியுரிமையும் அடங்கும் என்று 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

தவறின் கனத்தையும் மறைக்க விரும்பவில்லை. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, உரிமை மீறிய பிரதிகளைப் பரப்பினால் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். டோரண்டில் இறக்குபவர் பிறருக்கு அனுப்பவும் செய்வதால், "நான் கேட்க மட்டும்தான் இறக்கினேன்" என்ற விளக்கம் எளிதில் நிற்காது.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஆலோசனைகளை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். 2007 முதல் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் பல்கலைக்கழகங்கள் வழியாக மாணவர்களுக்குச் சமரசக் கடிதங்களை அனுப்பியது. 2009இல் பாஸ்டனில் ஜோயல் டெனன்பாம் என்ற மாணவர் 30 பாடல்களுக்காக 675,000 டாலர் தர வேண்டும் என நடுவர் குழு தீர்ப்பளித்தது. எனினும் அங்கே 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டத்தின்படி, நீதிமன்ற அழைப்பாணை வந்தாலும் பொதுவாக மாணவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க முயன்ற பிறகே அவருடைய பதிவுகள் தரப்படும். அச்சட்டம் இங்கே செல்லாது. ஆனால் முன்கூட்டித் தெரிவிக்கும்படி நம் கல்லூரியிடம் கேட்பது நியாயமான கோரிக்கை.

விசாரணைக்குப் பெற்றோரையோ நம்பகமான விரிவுரையாளரையோ உடன் அழைத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். புரியாத மலாய்ச் சொற்கள் உள்ள ஒப்புதல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். காவல்துறையோ உள்நாட்டு வணிக அமைச்சின் அமலாக்க அதிகாரிகளோ வந்தால், பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை உடனே நாடுங்கள். விசாரணை முடிந்ததும், தனியார் கல்லூரியாயின், தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவைச் சுட்டி, உங்கள் சாதனத்திலிருந்து எடுத்த நகல்களை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி கேளுங்கள்; அந்தப் பதிலைப் பட்டம் வாங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.