வீட்டில் புகை அலாரமும் தீயணைப்பானும்

புகை அலாரத்தைச் சமையலறைக்குள் மாட்டினால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அது அலறும், எரிச்சலில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள் என்பதால், படுக்கையறைகளுக்கு வெளியே, மின்விசிறிக் காற்று நேராகப் படாத மேற்கூரைப் பகுதியில் பொருத்துவதே சரி. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, 10 ஆண்டுகள் ஆனதும் அலாரத்தையே மாற்றிவிட வேண்டும்.

தீயணைப்பானில் வீட்டுக்குப் பொருந்துவது, மரம், துணி போன்ற திடப்பொருள், பெட்ரோல் போன்ற திரவம், எரிவாயு ஆகிய மூன்று வகைத் தீக்கும் உதவும் ஏபிசி உலர்தூள் வகை. அதைச் சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். எரியும் அடுப்பைத் தாண்டிக் கைநீட்டி எடுக்க யாராலும் முடியாது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால், வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, தீயணைப்பானின் பாதுகாப்புப் பின்னை உருவி, சுவாலையின் உச்சியை விட்டுவிட்டு அடிப்பாகத்தைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தியபடி இடமும் வலமுமாகத் தூளைப் பீய்ச்ச வேண்டும். சிறிய தீயணைப்பானில் உள்ள தூள் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காத தீயோடு போராடாமல் வெளியேறி, தீயணைப்பு நிலையத்தின் 101 அல்லது பொது அவசர எண்ணான 112ஐ அழையுங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். எரிவாயுக் கசிவைப் புகை அலாரம் உணராது. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, சமையல் எரிவாயு அவசர எண்ணான 1906ஐ அழையுங்கள்.